ரீமிக்ஸ்: மறுகலவையா, மீள்கலவையா?

பழைய பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடினால் அதை ரீமிக்ஸ் என்கிறோம். உண்மையில் அது மறுபாடல். ரீமிக்ஸில் யாரும் திரும்பப் பாட வேண்டியதே இல்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடங்களாகப் பதிவாகும். எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று பார்த்து அவற்றைச் சேர்ப்பதுதான் மிக்ஸிங். அதே தடங்களைப் பிரித்தெடுத்து, சிலதைக் கழித்து, சிலதைப் புதிதாகச் சேர்த்து இன்னொரு முறை கலந்தால் ரீமிக்ஸ். 'ரீ', 'மிக்ஸ்' இரண்டுக்கும் வேர் இலத்தீன்.

சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலையை வளர்த்தது ஜமைக்கா. அங்கே கிங் டபி போன்ற ஒலிப்பொறியாளர்கள் பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, பாஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் முன்னால் நிறுத்தினார்கள். 1970களில் நியூயார்க்கின் டாம் மௌல்டன், ஆடுகிறவர்கள் பாதியில் நிற்காதபடி டிஸ்கோ பாட்டுகளை நீட்டிக் கொடுத்தார்.

இண்டி பாட்டு, அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராத பாட்டு, நடனத் தளத்துக்குப் போன கதைக்கு கார்னர்ஷாப் நல்ல சாட்சி. ஆஷா போஸ்லேயைப் போற்றி இந்த பிரிட்டிஷ் குழு பாடிய 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' 1997இல் பிரிட்டனின் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 60ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் பிரிட்டிஷ் டிஜே நார்மன் குக் அதில் கை வைத்தார். வேகத்தைக் கூட்டினார்; கூடவே குரலின் சுருதியும் ஏறியது. அடியில் கனத்த டிரம்ஸை இறக்கினார். 1998 பிப்ரவரியில் அது முதலிடம். பாடகர் பழைய பாடகரேதான், வரிகளும் அவையேதான். ஆனால் சோம்பலாகச் சாய்ந்து கேட்ட பாட்டு இப்போது ஆளை எழுப்பி நிற்க வைத்தது.

சரி, தமிழில்? மீள்கலவை, மறுகலவை என்று இரண்டு சொல்லலாம். 'மீள்' என்றதும் பழைய இடத்துக்கே திரும்புவது நினைவுக்கு வருகிறது; மீள்குடியேற்றம் போல. 'மறு' அப்படியில்லை. மறுமுறை என்றால் இன்னொரு தடவை. மறுகரை என்றால் எதிர்க் கரை. திரும்பவும் என்பதும் வேறு என்பதும் அந்தச் சின்னச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. என் ஓட்டு மறுகலவைக்கு. 'கலவை' என்றால் சிமெண்ட் ஞாபகம் வருகிறது என்பவர்கள் உண்டு. வரட்டுமே, அதுவும் கலந்து பூசுகிற வேலைதானே! வினையாக்கும்போது மட்டும் 'மறுகலவை செய்தார்' என்று இழுக்காமல் 'மாற்றிக் கலந்தார்' என்று எழுதிவிடலாம்.