தொலைக்காட்சி நிலையம்: சொல் விளக்கம்

கிரேக்கத்தில் தொலைவைக் குறிக்கும் ‘டெலி’யையும் இலத்தீனில் பார்வையைக் குறிக்கும் ‘விசியோ’வையும் இணைத்து, 1900-ஆம் ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் உருசிய அறிவியலாளர் கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி பயன்படுத்திய சொல்லே ‘டெலிவிஷன்’. தமிழில் அதற்கு வழங்கும் ‘தொலைக்காட்சி’, தொலைபேசி, தொலைநோக்கி ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஆள் என்பதிலிருந்து ஆட்சியும் மாண் என்பதிலிருந்து மாட்சியும் பிறப்பதுபோலக் காண் என்னும் வினையடியிலிருந்து காட்சி பிறக்கிறது. ‘மாசறு காட்சியவர்’ என்று குறள் சொல்லுமிடத்தில் அது தெளிந்த அறிவைக் குறிக்கிறது. இன்றைய நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பார்ப்பவர்க்கு அந்தப் பழம்பொருள் சற்று வியப்பளிக்கலாம்.

‘நிலையம்’ என்பது நிலை என்பதன் அடியாக வந்தது. வானொலி நிலையம் என்ற வழக்கு முன்பே வேரூன்றியிருந்ததால், 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியபோது ‘தொலைக்காட்சி நிலையம்’ என்பது புதிதாக ஒலிக்கவில்லை. அப்போது தொலைக்காட்சியே அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவுதான்; 1976 ஏப்ரலில்தான் அது தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று. ‘தூர’, ‘தர்ஷன்’ என்னும் வடமொழிச் சொற்களாலான அப்பெயரும் தொலைக்காட்சி என்றே பொருள்படும். ஆயினும் நிறுவனத்தின் இயற்பெயராதலால் அதை மொழிபெயர்க்காமல் எழுதுவதே முறை.

நிலையத்தையும் அலைவரிசையையும் ஒன்றாகக் கொள்வது பரவலான பிழை. படப்பிடிப்பு அரங்கும் கருவிகளும் பணியாளரும் கொண்ட இடம் நிலையம். அங்கிருந்து தனிப்பெயருடன் வெளிவரும் ஒளிபரப்பு அலைவரிசை. சென்னை நிலையத்தின் தமிழ் ஒளிபரப்பு 2000-இல் அகத்தியரோடு தொடர்புபடுத்தப்படும் மலையின் பெயரால் ‘பொதிகை’ ஆனது. 2024 சனவரியில் ‘டிடி தமிழ்’ என மாறியது. மாறியவை அலைவரிசையின் பெயர்கள். நிலையம் சென்னைத் தொலைக்காட்சி நிலையமாகவே இருக்கிறது.

‘சேனல்’ என்பதற்கு ஈடான ‘அலைவரிசை’ முற்றிலும் பொருத்தமான சொல் என்றும் கூறிவிட முடியாது. தரைவழி ஒளிபரப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வெண் பட்டை இருந்தவரை அப்பெயர் பொருந்தியது. எண்முறை (டிஜிட்டல்) ஒளிபரப்பில் ஒரே பட்டையில் பல சேனல்கள் சேர்ந்தே வருகின்றன. எனினும் வழக்கில் நிலைத்துவிட்ட அச்சொல்லை விலக்கத் தேவையில்லை. தொழில்நுட்பக் கட்டுரைகளில் மட்டும் ‘அதிர்வெண்’ என்பதை அலைவரிசையினின்று வேறுபடுத்தி எழுதினால் குழப்பம் நேராது. ‘தொலைகாட்சி’ என ஒற்றின்றி எழுதுவது பிழை. தொலைக்காட்சி என்பதே சரி.