எல்லா நாளும் விடுமுறையானால்

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், எந்தப் பிரச்சினையாக இருந்தாலும், "சனி, ஞாயிறு எப்படிப் போகிறது?" என்று கேட்பது என் வழக்கம். பதிலை வைத்தே வயதை ஓரளவு கணித்துவிடலாம்.

சிறு பிள்ளைகளுக்கு அது அப்பா அம்மா வீட்டில் இருக்கும் நாள். இளைஞர்களுக்குத் தூங்கும் நாள். வாரம் முழுக்க ஆறு மணிக்கு எழுபவர் ஞாயிறன்று பதினொரு மணிவரை தூங்கினால், உடலின் கடிகாரத்துக்கு அது வெளிநாடு போய்த் திரும்பிய மாதிரி. டில் ரோன்னபெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு 2006-இல் இதைச் 'சமூக ஜெட்லாக்' என்று அழைத்தது. ஞாயிறு இரவு புரண்டுகொண்டே இருப்பதற்கும் திங்கள் காலை எரிச்சலுக்கும் இதில் பங்கு உண்டு. எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

நடுவயதில் அது பாக்கி வேலைகளின் நாள். துவைக்க வேண்டிய துணி, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவப் பரிசோதனை. இவை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழுகின்றன. அதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பணி ஓய்வு. "இன்று என்ன கிழமை என்றே தெரிவதில்லை" என்பார்கள். எந்த நாளுக்காக வேலைக் காலம் முழுக்க ஏங்கினார்களோ, அது இப்போது வாரம் ஏழு நாளும் கிடைக்கிறது. ஆனாலும் மனம் நிறையவில்லை. ஏன்?

1929-இல் சோவியத் ஒன்றியத்தில், இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கினார்கள். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் விடுமுறை. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு நாள். வாரம் ஒரு நாள் விடுமுறையை விட இதில் ஓய்வு அதிகம்தான். ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள் என்றானதும் மக்கள் மனம் வெறுத்துப் போனார்கள். கடைசியில் 1940-இல் எல்லோருக்கும் பொதுவான ஞாயிறு திரும்பி வந்தது.

அமெரிக்காவில் கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. வேலையில் இருப்பவர்களுக்குப் போலவே வேலை இல்லாதவர்களுக்கும் சனி, ஞாயிறில் மனநிலை மேம்படுகிறது. அவர்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரையும் நேரம் இருந்தது. கூட இருக்க ஆள்தான் இல்லை.

அதனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டாரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். "அவர் சும்மாதானே இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள், அன்று போங்கள். அவர் காத்திருக்க ஒரு நாள் வேண்டும். ஷிப்டு வேலை செய்யும் தம்பதியருக்கும் இதுவே. எந்தக் கிழமையானாலும் சரி, இருவருக்கும் பொதுவாக ஓர் அரை நாளாவது கேட்டு வாங்குங்கள். அந்த நேரத்தில் அலுவலகச் செய்திகளைப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் ஒருவருக்கு எதிலும் நாட்டமில்லாமை, தூக்கக் குறைவு, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வயதானால் அப்படித்தான் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வு எந்த வயதிலும் வரும். எந்த வயதிலும் அதற்குச் சிகிச்சை உண்டு.