நாய்க்குட்டி கற்பது எந்த நொடியை?

குட்டி உட்கார்ந்தது. பைக்குள் துழாவித் தீனியை எடுத்து நீட்டுவதற்குள் அது எழுந்து உங்கள் முழங்கால்மீது தாவிவிட்டது. தீனி வாய்க்குப் போனது அப்போதுதான். நீங்கள் கொடுத்தது உட்கார்ந்ததற்கு. அது வாங்கிக்கொண்டது தாவியதற்கு. வீட்டில் நாய்க்குட்டியைப் பழக்கும்போது வரும் சிக்கல்களில் பலவற்றுக்கு இந்த இரண்டு மூன்று நொடித் தாமதமே காரணம்.

நல்ல விளைவைத் தந்த செயலை விலங்கு மறுபடி செய்யும் என்பதை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் செய்த சோதனைகளில் காட்டினார். மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியவர ஏறத்தாழ நூறாண்டு ஆனது. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவருடைய குழுவினரும், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பை அளந்தார்கள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாற்றுக்கு முன் ஓர் அடையாளம் வரும் என்று குரங்கு பழகியபின், அந்தத் துடிப்பு சாற்றிலிருந்து அடையாளத்துக்கு இடம் மாறியது. அடையாளம் வந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது.

பயிற்சியாளர்கள் கையில் வைத்திருக்கும், அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் வேலை செய்வது இந்த இடமாற்றத்தால்தான். கிளிக்கர் இல்லாவிட்டால் 'எஸ்' போன்ற குறுகிய ஒரே சொல் போதும். குட்டியிடம் எதையும் எதிர்பார்க்காமல் ஒலி, உடனே தீனி என்று பதினைந்து இருபது முறை செய்யுங்கள். ஒலி கேட்டதும் தலை உங்கள் பக்கம் வெடுக்கென்று திரும்பினால், ஒலிக்கு மதிப்பு வந்துவிட்டது. இனி பின்புறம் தரையைத் தொடும் கணத்தில் ஒலியை எழுப்பினால் போதும். தீனி இரண்டு நொடி தாமதித்தாலும் பாதகமில்லை. ஒலிக்குப்பின் தீனி கொடுக்காமல் ஏமாற்றுவதுதான் தவறு.

உட்காரச் சொல்லித்தர, தீனியை மூக்கருகே பிடித்து, தலைக்குமேலாகப் பின்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். மூக்கு மேலே போக, பின்புறம் தானாகக் கீழே இறங்கும். கை உயரமாகப் போனால் குட்டி குதிக்கும். உட்காராமல் பின்னோக்கி நடந்தால் சுவரோரம் நிறுத்திச் செய்யுங்கள். ஐந்தாறு முறைக்குப்பின் வெறுங்கையால் அதே அசைவைக் காட்டி, தீனியை மற்றொரு கையிலிருந்து கொடுங்கள். இல்லையென்றால் கையில் தீனி தெரிந்தால் மட்டும் உட்காரும் நாய்தான் கிடைக்கும். சொல் கடைசியில்தான் வரவேண்டும். அதுவும் கையசைவுக்கு ஒரு நொடி முன்னால். இரண்டும் ஒன்றாக வந்தால் நாய் கையைத்தான் கவனிக்கும், சொல் காதில் ஏறாது. 'உட்கார், உட்கார், உட்கார்' என்று அடுக்கினால் முதல் இரண்டையும் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று குட்டி கற்றுக்கொள்ளும்.

ஒரு பாடம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், தீனி பட்டாணி அளவு. நாளின் மொத்த உணவில் இது பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வழக்கமான உணவிலிருந்தே கொஞ்சம் எடுத்துவைத்தால் கணக்கு எளிது. நிறையப் பழக்கினால் வேகமாகக் கற்கும் என்பது வெறும் நம்பிக்கை. டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் பழக்கிய நாய்களைவிட வாரம் ஓரிரு முறை பழக்கியவை குறைவான பாடங்களிலேயே கற்றுக்கொண்டன.

சமையலறையில் உட்காரும் குட்டி வாசலில் உட்காராததைப் பிடிவாதம் என்பார்கள். அது பிடிவாதமல்ல, அதற்கு வாசல் புதுப் பாடம். நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றில் ஒரு சமயம் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். பத்துக்கு எட்டு முறை சரியாகச் செய்தபின் அடுத்த படி.

கழிப்பறைப் பழக்கத்திலும் இதே நொடிக்கணக்குதான், கூடவே சிறுநீர்ப்பையின் அளவும் சேர்கிறது. வயது மாதங்களில் எத்தனையோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அடக்கக்கூடிய மணிநேரத்தின் உச்சவரம்பு ஏறத்தாழக் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. ஆனால் தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சிறிது நேரத்திலும், விளையாட்டின் நடுவிலும் இந்தக் கணக்கு செல்லாது. உடனே வெளியே கொண்டுபோக வேண்டும். பட்டையில் கட்டி, ஒரே இடத்துக்கு அழைத்துப்போய், பேசாமல் நில்லுங்கள். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போதே பாராட்டினால் பாதியில் நிறுத்திவிட்டு மிச்சத்தை வீட்டுக்குள் முடிக்கும். முடித்த கணத்தில், அதே இடத்தில் தீனி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் அது வாசற்படி தாண்டியதற்கான கூலி. முடித்த கையோடு உள்ளே இழுத்து வந்தாலும் கெடுதல்தான்: சிறுநீர் கழித்தால் வெளிச்சுற்றல் முடிந்துவிடும் என்று புரிந்துகொண்டு அடக்கிவைக்கும்.

உள்ளே ஈரத்தைப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்துத் திட்டுவதால் பயனில்லை. 'தப்பு செய்துவிட்டு முழிக்கிறது' என்பீர்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனையில், அந்த முகம் தவறு செய்த நாய்க்கும் செய்யாத நாய்க்கும் ஒன்றுபோலவே வந்தது. அதை வரவழைத்தது எசமானரின் கண்டிப்பு. திட்டிப் பழகினால் மனிதர் எதிரில் சிறுநீர் கழிப்பது ஆபத்து என்று கற்று, குட்டி சோபாவுக்குப் பின்னால் போகும். ஈரத்தை நொதி கலந்த துப்புரவு நீர்மத்தால் துடையுங்கள். அம்மோனியா உள்ளவை வேண்டாம். சிறுநீரை ஒத்த அந்த வாடை குட்டியை அதே இடத்துக்கு அழைக்கும்.

கடிப்பது பெரும்பாலும் விளையாட்டு, கொஞ்சம் ஈறு நமைச்சல்; 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வர ஆறேழு மாத வயதாகும். பல் தோலில் பட்டதும் விளையாட்டை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு இருபது நொடி நில்லுங்கள். முதல் சில நாட்கள் கடி கூடவே செய்யும்: பலித்துவந்த தந்திரம் பலிக்காதபோது அதையே இன்னும் பலமாக முயன்று பார்ப்பது விலங்குகளின் இயல்பு. அப்போது மனமிரங்கி விளையாடினால், பலமாகக் கடிக்க நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் பிறகும் கற்பிக்கலாம். தள்ளிப்போட முடியாதது ஒன்று உண்டு. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்காம் வாரம்வரை புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவம். தடுப்பூசித் தொடர் முடிவதும் ஏறக்குறைய அதற்குப் பிறகுதான். அதுவரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய் குடை, தலைக்கவசம், வண்டிச் சத்தம், சக்கர நாற்காலி, குழந்தைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் ஒரு துண்டு தீனி. வழக்கமாக ஆவலோடு வாங்குகிற குட்டி தீனியைத் தொடவில்லை என்றால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அது மறுபடி வாங்கிச் சாப்பிடும் தொலைவுவரை பின்வாங்கி, அங்கிருந்து தொடங்குங்கள்.