உங்கள் டெண்டர் டோக்கன் யார் டிராயரில் கிடக்கிறது?

நாகர்கோவிலில் வரி, கணக்கு வேலைகளோடு சிறு கான்ட்ராக்டர்களுக்கு ஆன்லைன் டெண்டர் போட உதவுவதும் என் தொழில். ராஜாக்கமங்கலத்தில் ஓடை கட்டுகிறவர், தக்கலையில் பள்ளிக் கட்டடம் பழுது பார்க்கிறவர், மேல்புறத்தில் கான்கிரீட் ரோடு போடுகிறவர் என்று பலரும் வருவார்கள். வருகிறவரிடம் முதலில் கேட்பது, "டோக்கன் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான். டோக்கன் என்றால், ஆன்லைனில் உங்கள் கையெழுத்தாக நிற்கும் டிஜிட்டல் சான்றிதழ் உள்ள, பென்டிரைவ் மாதிரியான சாதனம். அடிக்கடி கிடைக்கும் பதில்: "அது கம்ப்யூட்டர் கடையில கெடக்கு சாரே. அந்தப் பையனே எல்லாம் போட்டுத் தருவான்."

அப்படிப்பட்ட ஒரு கடையின் டிராயரை நேரில் பார்த்திருக்கிறேன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய யூஎஸ்பி டோக்கன்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, பால்பேனாவால் கான்ட்ராக்டர் பெயர்; பெயருக்குக் கீழேயே பாஸ்வேர்டு. ஒரே வேலைக்கு எதிரெதிராக ரேட் போட வேண்டியவர்களின் டோக்கன்கள் ஒரே கட்டில் அக்கம்பக்கமாக இருந்தன.

டெண்டர் பெட்டிக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்யூல், அதாவது டெண்டர் படிவம், வாங்கப் போனால் "கிளார்க் லீவு" என்பார்கள். எப்படியோ வாங்கிவிட்டால், பெட்டி வைத்த அறையின் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். கடைசி நாளில் கவரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவதே பெரிய சாகசம். உள்ளே போன கவர் வெளியே வரும்போது அதே ரேட்டோடுதான் வருமா என்பது வேறு கதை. 1998-ல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, 2000-ல் அதன் விதிகள் வந்தன. நல்ல சட்டம். ஆனாலும் அந்த நாலு பேர் வாசலை விட்டுப் போனது டெண்டர் ஆன்லைனுக்கு வந்த பிறகுதான்.

தமிழக அரசின் டெண்டர் போர்ட்டல் தேசிய தகவலியல் மையத்தின் மென்பொருளில் ஓடுகிறது. நீங்கள் ஏற்றும் ரேட், உங்கள் கணினியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் சர்வருக்குப் போகிறது. டெண்டர் திறக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகள், குறித்த நேரம் கடந்த பிறகு, தங்கள் டோக்கன்களைச் செருகினால்தான் அது திறக்கும். ஒருவர் மட்டும் தனியாக உட்கார்ந்து திறந்து பார்க்க முடியாது. யார் எந்த நிமிடத்தில் டெண்டர் போட்டார், எந்த நிமிடத்தில் திறந்தார்கள் என்று எல்லாமே பதிவாகும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த பூட்டின் சாவியை நாமே கொண்டுபோய் ஒரு டிராயரில் போட்டுவிட்டு வந்தால், பூட்டு என்ன செய்யும்?

"பையன் நம்ம சொந்தக்காரன்தானே" என்பார்கள். இருக்கட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 42-வது பிரிவு, டோக்கனில் உள்ள உங்கள் ரகசியச் சாவியை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்கிறது. அது பிறர் கைக்குப் போய்விட்டால், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு. "நான் போடவே இல்லை, என் பெயரில் யாரோ டெண்டர் போட்டிருக்கிறார்கள்" என்று பிறகு சொன்னால் எடுபடாது. சான்றிதழ் வாங்கும்போது கேமரா முன் உட்கார்ந்து, நான்தான் என்று வீடியோவில் சொல்லித்தானே வாங்கினீர்கள்?

இதில் பெரிய ஆபத்து டம்மி டெண்டர். ஒருவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று பேசி முடித்துக்கொண்டு, மற்ற இருவர் பெயரில் கொஞ்சம் கூட்டி ரேட் போடுவார்கள். பேப்பர் காலத்தில் இதற்கு மூன்று பேரும் மூன்று கவராவது ஒட்ட வேண்டியிருந்தது. இப்போது டிராயரில் டோக்கன் இருந்தால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மூன்றையும் முடித்துவிடலாம். ஆனால் அந்த வசதியே காட்டியும் கொடுக்கும். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, சில நிமிட இடைவெளியில் மூன்று டெண்டர் ஏறியிருந்தால் அது அழியாமல் இருக்கும். இந்தியப் போட்டி ஆணைய வழக்குகளில் இது சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. போட்டிச் சட்டம் 2002-ன் மூன்றாவது பிரிவு ஏலத்தில் கூட்டுச்சதியைத் தடை செய்கிறது. அபராதம் லாபத்தில் மூன்று மடங்கு வரை அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம் வரை போகலாம். டம்மியாகப் பெயர் கொடுத்தவருக்குக் கிடைப்பது ஏதோ செலவுக்காசு. பிளாக்லிஸ்டில் வந்தால் மொத்தத் தொழிலும் போச்சு.

சரி, டோக்கனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. அப்புறம்? இந்த வேலை அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வாட்ஸ்அப் தெரிந்த மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் போதும், நீங்களே செருகி நீங்களே பாஸ்வேர்டு போடுங்கள். ஆவணம் ஸ்கேன் செய்ய வெளி ஆள் உதவலாம், தப்பில்லை. ரேட் போடும் எக்செல் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். "ஓடை வேலை ஃபைனல்" என்று புதுப்பெயர் வைத்து ஏற்றினால் நிராகரிக்கப்படும். எல்லாம் ஏற்றிய பிறகு 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தி, டெண்டர் எண்ணோடு வரும் ஒப்புகையை எடுத்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. நேரம் முடியும் வரை ரேட்டை மாற்றி மறுபடியும் போடலாம். வாபஸ் வாங்கினால் அதே டெண்டருக்குத் திரும்பப் போட முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

கடைசி மணி நேரத்துக்கு வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் அதற்குக் கூடுதல் காரணம் உண்டு. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. திருவட்டாறு பக்கம் ரப்பர் மரம் சாய்ந்து லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சர்வர் கடிகாரத்துக்கு இதெல்லாம் தெரியாது.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் ஊழல் ஒழிந்துவிடுமா என்றால், இல்லை. போர்ட்டல் கவரைக் காக்கிறது. நிபந்தனையை எழுதுவது மனிதர்கள்தான். ஒரு குளக்கரை கட்ட, குறிப்பிட்ட ஒருவரிடம் மட்டுமே இருக்கும் இயந்திரம் சொந்தமாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தால், ஆன்லைனில் ஆயிரம் பேர் பார்த்தும் பயனில்லை. கால அவகாசத்தையும் கவனியுங்கள். விதிப்படி 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். காரணமில்லாமல் ஒரு வாரத்தில் முடிகிற டெண்டரைப் பார்த்தால் உடனே எழுதிக் கேளுங்கள். டெண்டர் ஏற்பு உத்தரவில் குறை இருந்தால், உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் 1998 டெண்டர் சட்டத்தின் 11-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். நம்மவர்கள் அந்தப் பத்து நாளையும் டீக்கடையில் புலம்பியே தீர்த்துவிடுகிறார்கள்.

கான்ட்ராக்டர் அல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. போர்ட்டலைப் பார்க்க டோக்கனும் வேண்டாம், லாகினும் வேண்டாம். உங்கள் ஊரில் போர்ட்டல் வழியாக டெண்டர் விட்ட ரோடோ கால்வாய் வேலையோ இருந்தால், டெண்டர் எண்ணையோ துறையின் பெயரையோ கொடுத்து, திரையில் காட்டும் எழுத்துகளைத் தட்டினால் போதும். யார் யார் போட்டார்கள், யார் எவ்வளவு ரேட் போட்டார், யாருக்கு வேலை போனது என்பது பதிவேற்றியிருக்கும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அதில் நவம்பர் 1-ம் ஒன்று. நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுவே. அன்றைக்கு டெண்டர் எண்ணையும் ஒப்பந்தத் தொகையையும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போய், "இந்த ரோட்டுக்கு இவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கே, வேலை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிற தோரணையே மாறும்.