பெயர் வைக்கும் முன் பார்க்கப் பழகுவது

"என் மகன் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களை ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போய் வகுப்பு எடுக்கிறார்களாமே, உண்மையா? படிக்க நேரமில்லாத பிள்ளைகளுக்குப் படம் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

உண்மைதான். 1990-களின் கடைசியில் யேல் பல்கலைக்கழகத்தில் இர்வின் பிரேவர்மன் என்ற தோல் மருத்துவரும், அங்குள்ள பிரிட்டிஷ் கலை மையத்தில் பணிபுரிந்த லிண்டா ஃப்ரீட்லேண்டரும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். தோலில் என்ன இருக்கிறது என்று விவரிக்கச் சொன்னால் மாணவர்கள் திணறுகிறார்கள் என்பது பிரேவர்மனின் கவலை. நோயின் பெயரைச் சொல்ல எல்லோருக்கும் அவசரம். கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

வகுப்பு எளிமையானது. ஒரு மாணவருக்கு ஓர் ஓவியம். பத்து, பதினைந்து நிமிடம் அதை மட்டும் பார்க்க வேண்டும். அப்புறம் மற்றவர்கள் முன் விவரிக்க வேண்டும். கதை சொல்லக் கூடாது, கண்டதை மட்டும்தான் சொல்ல வேண்டும். "இவர் சோகமாக இருக்கிறார்" என்றால் விடமாட்டார்கள். எதைப் பார்த்துச் சொல்கிறாய்? புருவமா, உதடா, தோள் சரிந்திருப்பதா?

யேல் கூடத்தில் ஹென்றி வாலிஸ் வரைந்த 'சாட்டர்டனின் மரணம்' இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். குறுகலான கட்டிலில் செம்பட்டை முடியுடன் ஓர் இளைஞன் கிடக்கிறான். தூங்குகிறானா, மயங்கிக் கிடக்கிறானா, இறந்துவிட்டானா? 'மரணம்' என்று தலைப்பைப் படித்தவர் உடனே அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். தலைப்பு தெரியாதவர் தேட வேண்டும். தோல் வெளுத்து நீலம் பாய்ந்திருக்கிறது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தரையைத் தொட்டுத் தொங்குகிறது. தரையில் ஒரு சின்னக் குப்பி, பக்கத்தில் கிழித்துப் போட்ட காகிதங்கள். திறந்த ஜன்னலில் ஒரு பூச்செடி, வெளியே வெளிச்சம் வந்துகொண்டிருக்கும் நகரம். மேஜையில் அணைந்துபோன மெழுகுவத்தி. அதன் திரியிலிருந்து நூலாகப் புகை போகிறது. அந்தப் புகை நிறையப் பேர் கண்ணில் கடைசியில்தான் படும். பட்டவுடன் இன்னொரு கேள்வி பிறக்கிறது: இது நடந்து எவ்வளவு நேரம் ஆயிற்று?

சரி, புகை முதலிலேயே ஏன் தெரியவில்லை? இந்த இடத்தைத்தான் நான் ஆசையாகச் சொல்ல வந்தேன்.

கையை நேராக நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் தெளிவாகத் தெரியும் பரப்பு. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சிறு குழி இருக்கிறது. ஒளியை உணரும் கூம்பு செல்கள் அங்கேதான் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதை விட்டு விலக விலகக் காட்சி மங்கிக்கொண்டே போகிறது. அப்படியும் உலகம் முழுவதும் கூர்மையாகத் தெரிவதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கண் ஒரு நொடிக்குச் சுமார் மூன்று முறை இடம் விட்டு இடம் தாவுவதுதான். கண்ணாடி முன் நின்று இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். தாவும் நேரத்தில் வரும் காட்சியை மூளை அடக்கிவிட்டு, நடுவில் எதுவும் நடக்காத மாதிரி ஒட்டுப்போட்டுத் தருகிறது.

அப்படியானால் அடுத்து எங்கே தாவுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஆல்ஃபிரெட் யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் இதைக் கண்டுபிடிக்கக் கையில் எடுத்தது ஓர் ஓவியத்தைத்தான். இலியா ரெப்பின் வரைந்தது: நாடு கடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார், நாற்காலியிலிருந்து ஒரு பெண் எழுகிறார், மேஜையருகே குழந்தைகள். ஒரே ஆளுக்கு ஒரே படத்தைக் காட்டி, கேள்வியை மட்டும் மாற்றினார் யார்பஸ். "இவர்கள் வயது என்ன?" என்றபோது கண் முகங்களிலேயே சுற்றியது. "இந்தக் குடும்பத்துக்கு வசதி எப்படி?" என்றபோது அறையின் பொருள்களுக்கும் உடைகளுக்கும் போனது. "இவர் எவ்வளவு காலம் வெளியே இருந்தார்?" என்றபோது, வந்தவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே போய்ப் போய் வந்தது. இப்படி ஏழு முறை கண் போன பாதையை அவர் பதிவு செய்த கோடுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஏழு வேறு படங்களைப் பார்த்தது போலிருக்கும். கண்ணை ஓட்டுவது மனசுக்குள் இருக்கும் கேள்வி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்ப்பது இந்தப் பரிசோதனைதான்.

இப்போது மருத்துவரை நினைத்துப் பாருங்கள். "இது நிமோனியாவா?" என்ற கேள்வியோடு பார்க்கும் கண் நிமோனியாவின் தடயங்களுக்கே தாவும். கிடைத்துவிட்டால் தேடல் அங்கேயே தளர்ந்துவிடும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி. ஸ்கேனில் கட்டிகளைத் தேடச் சொல்லி 24 ரேடியாலஜி மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு ஸ்கேனுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அந்த இருபது பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண் நேராக அந்தக் கொரில்லா மீதே பட்டிருந்ததைக் கருவி பதிவு செய்தது. ஃபோவியா பார்த்தது, கேள்வியில் கொரில்லா இல்லை.

ஓவியம் உதவுவது இங்கேதான். மாணவருக்கு அந்தப் படத்துக்குப் பொருத்த எந்த நோயின் பெயரும் தெரியாது. 'இது இன்னது' என்று முடித்துக்கொள்ள வழியில்லை. ஒரு கேள்வி தீர்ந்ததும் அடுத்த கேள்வியை அவரே உண்டாக்க வேண்டும், கண் மறுபடி புறப்பட வேண்டும். ஹார்வர்டு மாணவர்களைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும் வகுப்பில் இதற்கு மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? உன்னை அப்படிச் சொல்ல வைத்தது எது? இன்னும் என்ன தெரிகிறது? மூன்றாவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"முகத்தைப் பார்த்தே சொல்கிற சாமுத்திரிகா லட்சணம் நம்மிடம் இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். அது நேர் எதிரான வேலை. நெற்றி அகலம் என்றால் இந்த குணம் என்று விடையை முன்பே எழுதி வைத்துவிட்டு, அதற்கேற்பப் பார்ப்பது. பார்த்ததையும் முடிவு செய்ததையும் தனித்தனியே பிரித்து வைக்கத் தெரிவதுதான் மருத்துவருக்கு வேண்டும்.

பலன் உண்டா? யேல் முயற்சியின் முடிவு 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஓவியம் பார்த்த மாணவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களை மற்றவர்களைவிட நன்றாக விவரித்தார்கள். எனக்குப் பிடித்தது 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. முதலாண்டு மாணவர்கள் 36 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேர வகுப்புகள் ஆறு. மறுபாதிக்கு அருங்காட்சியகத்தின் இலவச உறுப்பினர் அட்டை மட்டும். கண் நோய்ப் படங்களை விவரிப்பதில் வகுப்புக்குப் போனவர்கள் முன்னேறினார்கள். அட்டை மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆக, படம் பக்கத்தில் இருந்தால் போதாது, கூட நின்று "இன்னும் என்ன தெரிகிறது?" என்று கேட்க ஆள் வேண்டும்.

சோதிக்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பரீட்சையும் புகைப்படத்தை வைத்துத்தான். இதனால் நோயாளிகள் சீக்கிரம் குணமானார்கள் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். புது ஸ்கேன் கருவிக்குக் கோடிகள் ஒதுக்குகிறோம். அந்த ஸ்கேனைப் பார்க்கப்போகும் கண்ணைப் பழக்குவது பற்றிய ஆராய்ச்சிக்கு அதில் ஒரு துளியாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகிக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மகனிடம் லியோ ஷாம்ராத் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர். ஆரோக்கியமான இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களை நேருக்கு நேர் ஒட்டிப் பிடித்தால், நகம் முளைக்கும் இடத்தில் வைர வடிவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். சில இதய, நுரையீரல் நோய்களில் விரல் நுனி பருத்து, அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். மருத்துவர்கள் இதைக் கிளப்பிங் என்பார்கள். ஷாம்ராத்துக்கே இதய உள்சவ்வில் தொற்று வந்தது. நோயில் கிடந்தபோது அவர் தன் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். விரல் பருக்கப் பருக்க அந்த வைர இடைவெளி அடைபட்டது. உடம்பு தேறியபோது நகங்களுக்கு நடுவே வெளிச்சம் மறுபடி தெரிந்தது. 1976-ல் அதை அவர் எழுதி வைத்தார்.