குதிப்பதை விட இறங்குவதைக் கவனியுங்கள்

குழந்தை எவ்வளவு உயரம் குதிக்கிறது என்பதைப் பெற்றோர் ஆசையாகக் காட்டுவார்கள். குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக நான் பார்ப்பது, அது எப்படி இறங்குகிறது என்பதைத்தான். வீட்டு வாசலில் கடைசிப் படியிலிருந்து குதிக்கச் சொல்லுங்கள். பாதம் தொப்பென்று விழுகிறதா, முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்கிறதா, நாலு எட்டு முன்னால் ஓடினால்தான் நிற்க முடிகிறதா? அல்லது முட்டியை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கி, மூன்று எண்ணும் வரை அங்கேயே நிற்கிறதா? ஐந்தாறு வயதில் முதல் வகைதான் நிறையத் தென்படும். பெரும்பாலும் அது நோய் இல்லை, பழக்கக் குறைவு.

மேலே எழும்புவதற்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் வலு இருந்தால் பெரும்பாலும் போதும். இறங்கி நிற்பதற்கு அது போதாது. உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகள், உடல் முன்னால் போகிறதா, மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பதைச் சொல்கின்றன. தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் சொல்கிறது. கணுக்காலும் முட்டியும் எந்த அளவுக்கு மடங்கியிருக்கின்றன என்று தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. இத்தனையும் சேர்ந்து, பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகள் தயாராகிவிட வேண்டும். சொல்லிக்கொடுத்து வருகிற விஷயம் இல்லை இது. நூறு தடவை குதித்து, நூறு தடவை தடுமாறித்தான் வரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பயிற்சி, பாண்டி. சில ஊர்களில் சில்லு, சில்லுக்கோடு என்பார்கள். ஒரு சாக்பீஸும் உடைந்த ஓட்டுத் துண்டும் இருந்தால் ஆட்டம் தயார். கட்டத்துக்குள் நொண்டியடிக்கும்போது ஒவ்வொரு தாவலும் ஒரு அளவுக்குள் முடிய வேண்டும், கோட்டை மிதித்தால் அவுட். அதனால் வேகமாகக் குதிப்பது முக்கியமில்லை, வேண்டிய இடத்தில் நிற்பதுதான் முக்கியம் என்று குழந்தைக்குத் தானாகவே புரிகிறது. திரும்பி வரும்போது ஒற்றைக்காலில் குனிந்து சில்லை எடுக்கிறார்களே, அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள். இடுப்புத் தசை இடுப்பெலும்பு சாய்ந்துவிடாமல் பிடிக்கிறது, கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடித் திருத்திக்கொள்கிறது, தலை கீழே போய் மேலே வருகிறது. கிளினிக்கில் இதையே பல பயிற்சிகளாகப் பிரித்துச் செய்ய வைத்தால் ஐந்தாவது நிமிடம் குழந்தை, "போதும் மேடம்" என்கிறது. பாண்டியில் இருட்டிய பிறகும் வீட்டுக்கு வர மறுக்கிறது.

அப்புறம், தலையை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு, "ரைட்டா?" என்று கேட்டுக்கொண்டே கட்டங்களைக் கடக்கிற சுற்று ஒன்று உண்டு. சின்னக் குழந்தைகள் சமநிலைக்குக் கண்ணைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். அந்தச் சுற்றில் கண்ணின் உதவி போய்விடுகிறது, உள்காதும் பாதமும் வேலை செய்தே ஆக வேண்டும். ஜெயித்தவர் ஒரு கட்டத்தைத் தனதாக்கிக்கொண்டதும் மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாவும் தூரம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆட்டத்தை உருவாக்கிய பிள்ளைகளின் மேல் எனக்கு மரியாதை வருகிறது. ஒன்றை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு சுற்று வலது கால், அடுத்த சுற்று இடது கால். விட்டுவிட்டால் வசதியான காலிலேயே ஆடிவிடுவார்கள்.

பாண்டிக்கு நொண்டியடிக்கத் தெரிய வேண்டும், அது பொதுவாக நாலு வயதையொட்டித்தான் வரும். அதுவரை குளம் - கரை போதும். ஒரு கோடு போட்டு, "குளம்" என்றால் உள்ளே, "கரை" என்றால் வெளியே, இரண்டு காலும் சேர்த்துக் குதிக்க வேண்டும். நடுவில் "கரை, கரை" என்று இரண்டு தரம் சொல்லுங்கள். கிளம்பிய காலை அடக்கி நிற்பதும் ஒரு திறமைதான். கயிறு தாண்டுவது ஆறு வயதுக்குப் பிறகு பழகட்டும். கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் இரு முனைகளும் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் சரியான நீளம். பச்சைக்குதிரைக்கு ஏறக்குறைய ஒரே உயரமுள்ள பிள்ளைகளும் மணல் தரையும் வேண்டும். குனிந்திருப்பவர் தலையை நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்திலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் அசைவுகள் அதில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. குதிப்பது அதில் நேராகச் சேரும். ஆனால் டைல்ஸ் தரையில் சாக்ஸோடு வேண்டாம், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அங்கேயும் வேண்டாம். மண் தரையில் வெறுங்காலே நல்லது, கண்ணாடியும் முள்ளும் இல்லாமல் பெருக்கிவிட்டு ஆட விடுங்கள். மால்களில் இருக்கும் டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் குதிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து குதிக்கும்போது எலும்பு முறிவது பெரும்பாலும் அங்கே இருப்பதில் சின்னக் குழந்தைக்குத்தான்.

எல்லாத் தடுமாற்றமும் விளையாடினால் சரியாகிவிடாது. இதைப் பெற்றோர் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வயது முடிந்தும் இரண்டு காலையும் சேர்த்துத் தரையை விட்டு எழும்ப முடியவில்லை, ஐந்து வயதிலும் ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை, எப்போதும் ஒரே பக்கமாக விழுகிறது, நேற்று வரை செய்ததை இன்று செய்ய முடியவில்லை என்றால் காட்டிவிடுங்கள். ஆண் குழந்தை தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுகிறான், மாடிப்படி ஏறத் திணறுகிறான், கெண்டைக்கால் மட்டும் தடித்திருக்கிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டூஷேன் என்கிற தசைச் சிதைவு நோய் இப்படித்தான் தொடங்கும். "சோம்பேறி, குண்டுப்பையன்" என்று சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் வருடங்கள் போய்விடுகின்றன. சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வலுக்கிறதா, விலகுகிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். குழந்தைகள் நல மருத்துவரிடம் அந்தப் பரிசோதனையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் மாவட்டத்தின் அரசு பெரிய ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. எங்கே என்று விசாரியுங்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைப் பார்ப்பதற்கென்றே உள்ள மையம் அது, கட்டணம் கிடையாது.