வெள்ளத்தில் சீட்டு போய்விட்டால் மருந்துக் கடை என்ன செய்ய முடியும்?

2011 டிசம்பரில் 'தானே' புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்த நாட்கள். கடலூர்க்காரர்களுக்கு இவை மறக்காது. இப்படிப்பட்ட நாட்களில் மருந்துக் கடைக் கவுண்டரில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "தம்பி, சீட்டு தண்ணியில போயிடுச்சு. அந்த வெள்ளை மாத்திரை ஒரு அட்டை மட்டும் கொடு."

கேட்பவர் பொய் சொல்லவில்லை என்று மருந்துக் கடைக்காரர்களான எங்களுக்குத் தெரியும். ஆனால் 'வெள்ளை மாத்திரை' பிரஷருக்கும் இருக்கிறது, வலிப்புக்கும் இருக்கிறது, தூக்கத்துக்கும் இருக்கிறது. அதோடு சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. அது எங்கே வழி விடுகிறது, எங்கே விடாது என்பதை மழைக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொண்டால் பல பேருடைய மருந்து நடுவில் நிற்காது.

மருந்து விதிகள் 1945இல் 65ஆம் விதிதான் எங்கள் கடையை நடத்துகிறது. ஷெட்யூல் எச், எக்ஸ் பட்டியல்களில் உள்ள மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. சீட்டில் மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, சாப்பிடும் அளவு எல்லாம் இருக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநர் தானே கொடுக்க வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். புயல், வெள்ளம், நள்ளிரவு என்பதற்காகக் கவுண்டரில் நிற்பவர் சீட்டைத் தள்ளிவைக்கலாம் என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கொடுத்ததும் மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயர், முகவரி, தேதியைக் குறிக்க வேண்டும் என்பது விதி. மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்து மாதாமாதம் நீட்டுகிறவர்கள் நிறைய. அது செல்லாது. ஆனால் இதே விதியில்தான் நல்ல வழியும் இருக்கிறது. "மீண்டும் கொடுக்கலாம், மூன்று முறை, மாதம் ஒரு தடவை" என்று மருத்துவர் அதே சீட்டில் எழுதிவிட்டால், அத்தனை முறையும் அந்த இடைவெளியில் நாங்கள் கொடுக்கலாம். பிரஷர், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு என்று தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் மருத்துவரிடம் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இத்தனை வருடத்தில் கேட்டு வாங்கி வந்தவர்களை நான் பார்த்தது மிகக் குறைவு. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

சரி, சீட்டு உண்மையிலேயே போய்விட்டது, மருத்துவர் வேறு ஊரில் இருக்கிறார். அப்போது தொலைபேசி உதவும். 2020 மார்ச் 25 அன்று வெளிவந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, மருத்துவர் போனிலோ வீடியோவிலோ பேசிவிட்டுக் கையெழுத்திட்ட சீட்டைப் படமாக அனுப்பலாம். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்தைத் தொடர்வது இதில் சுலபம். ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளையும் மட்டும் இப்படி எழுத முடியாது. "டாக்டர் போன்லயே சொல்லிட்டாரு, நீங்களே பேசிப் பாருங்க" என்று போனை எங்கள் காதில் வைப்பது சீட்டு ஆகாது. காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அதுவும் சீட்டு இல்லைதான், ஆனால் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் சரியாகச் சொல்ல அது போதும்.

கடைக்கு வராமலே மருந்து கிடைக்கும் வழிகளும் உண்டு. ஷெட்யூல் கே என்ற விலக்குப் பட்டியலின்படி, மருத்துவர் தன் சொந்த நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், கடை மட்டும் நடத்தக் கூடாது. அரசு மருத்துவமனைகளுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்த செவிலியர்களுக்கும் இதே பட்டியலில் தனி விலக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இன்னும் பெயர் பதியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மழைக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

வெள்ள நாட்களில் சரக்கு லாரி வராது. எழுதிய கம்பெனி மாத்திரை இல்லை, அதே மருந்து வேறு பெயரில் இருக்கிறது என்றால்? எச், எக்ஸ் மருந்துகளில் மருந்தாளுநர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. மருத்துவர் மாற்றி எழுத வேண்டும். சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

தண்ணீர் வடியும்போது நல்ல மனதோடு இளைஞர்கள் சிலர் வருவார்கள். நிவாரண முகாமில் எல்லோருக்கும் கொடுக்க எலிக்காய்ச்சலுக்கு என்று டாக்சிசைக்ளின் மொத்தமாக வேண்டும் என்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் அனுப்பிவிடுவேன். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதை இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. முகாமில் இருக்கும் மருத்துவர் கையெழுத்திட்ட ஆர்டரை எழுதிக் கொடுத்தால் அவருக்கு மொத்தமாகத் தர விதி அனுமதிக்கிறது. அந்தத் தாளை நாங்கள் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். உதவ நினைப்பவர்கள் முதலில் ஒரு மருத்துவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அல்பிரசோலம் போன்ற பதற்றத்துக்கான மாத்திரைகள், காசநோய் மருந்து, செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் எல்லாம் ஷெட்யூல் எச்1 என்ற, இன்னும் கடுமையான பட்டியலில் வருகின்றன. 2014 மார்ச் முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தெரிந்த முகம் என்பதற்காக இதில் எதுவும் மாறாது.

இத்தனைக்கும் பேரிடருக்காக விதியைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. மருந்துச் சட்டத்தின் 26பி பிரிவு, தொற்றுநோயையும் இயற்கைப் பேரிடரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் பிரிவின் கீழ்தான் 2020 மார்ச் 26 அன்று வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் உத்தரவு வந்தது. மின்னஞ்சலில் சீட்டு வந்தாலும் போதும். நாள்பட்ட நோய் என்றால் 30 நாளுக்குள், திடீர் நோய் என்றால் 7 நாளுக்குள் எழுதிய சீட்டாக இருக்க வேண்டும். எச்1, எக்ஸ் இரண்டும் கிடையாது. அதே வருவாய் மாவட்டத்துக்குள் மட்டும்தான் கொண்டுபோகலாம். ரெட்டிச்சாவடிக்கும் கன்னியக்கோவிலுக்கும் நடுவில் என்ன தூரம் இருக்கிறது? ஆனால் ஒன்று கடலூர் மாவட்டம், மற்றொன்று புதுச்சேரி. பாகூரில் இருப்பவருக்குக் கடலூர்க் கடை பக்கமாக இருந்தாலும் அந்த உத்தரவின்படி அனுப்ப முடியாது. ஜிப்மர் மருத்துவர் எழுதிய சீட்டு கடலூரில் செல்லும். மருந்து மட்டும் எல்லையைத் தாண்டி வீட்டுக்குப் போகக் கூடாது.

பிரிட்டனில் மருந்தாளுநர் நோயாளியிடம் விசாரித்து, மருத்துவர் முன்பு எழுதிக் கொடுத்த மருந்துதான் என்று உறுதியானால், பெரும்பாலான மருந்துகளை அவசரத்துக்கு 30 நாள் வரைக்கும் சீட்டு இல்லாமல் கொடுக்கலாம். காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நமக்கு 30 நாள்கூட வேண்டாம். பேரிடர் என்று அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில், பிரஷர், சர்க்கரை, வலிப்பு மருந்துகளுக்கு மட்டும், காலி அட்டையையோ பழைய பில்லையோ பார்த்து ஐந்து நாளுக்குக் கொடுக்கலாம் என்று 26பி பிரிவின் கீழ் ஓர் உத்தரவு வந்தால் போதும். கூடவே, பக்கத்து மாவட்டத்துக்கும் கொண்டுபோகலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.